மூன்று அறைகளில் ஒரே பாட்டு

மாடியில் பாட்டு பிந்தி வந்தது. பிந்துவது கொஞ்சம்தான், கண்ணை மூடித் திறக்கிற நேரம், ஆனாலும் ஹாலில் பாடி முடிந்த வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு மாடி அதையே இன்னொரு தரம் சொன்னது. கோயில் நோம்பிக்குத் தெருநெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் கடைசிக் குழாய் இப்படித்தான் சொல்லும். ஆனால் அது தெரு, அங்கே யார் கேட்டார்கள், இது வீடு. நாச்சிமுத்து பனியனோடு பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, படிக்கட்டு வழியாக இறங்கி வரும் குரலையும் மேஜைமேல் இருக்கும் குரலையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம். கை கழுவின ஈரம் விரலிடுக்கில் இருந்தது, ரசத்து மிளகு இன்னும் தொண்டையில் இருந்தது, சிங்காநல்லூரே சோற்றுத் தூக்கத்துக்குப் போய்விட்ட மாதிரி தெருவில் ஒரு வண்டிச் சத்தமில்லை, இப்படிப்பட்ட நேரத்தில்தான் பாட்டு நன்றாகக் கேட்கும், இப்படிப்பட்ட நேரத்தில்தான் அது பிந்துவதும் நன்றாகத் தெரியும்.

"அப்பா, இன்னும் லேட்டாத்தான் வருது," என்று மேலிருந்து மகள் தாரணி குரல் கொடுத்தாள்.

"பண்ணீட்டிருக்கேன் கண்ணு, இரு."

எலக்ட்ரீஷியன் வேலைதான் அவருக்குத் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. மில் மூடிய பிறகு வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது. சேர்த்து வைத்த பாட்டெல்லாம் ஹாலில் இருக்கும் இந்தப் பழைய பெட்டிக்குள் கிடக்கிறது. இங்கே ஒரு பாட்டைப் போட்டால் படிக்கட்டுக்கு அடியில் மினுக்கிக்கொண்டிருக்கும் ரௌட்டர் அதை வாங்கி வீட்டிலிருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் அனுப்பிவிடும், மாடியில் தாரணி ஆபீஸ் வேலை செய்கிற கம்ப்யூட்டருக்குக் காற்றுவழியாக, பின்னறையில் மனைவி இந்திராணி துணி தைக்கிற இடத்தில் வைத்திருக்கும் பழைய லேப்டாப்புக்கு ஒயர் வழியாக. பின்னறைச் சுவர் தடிமன், காற்றுவழி அங்கே போகவில்லை, அதனால் அவரே சுவரில் துளை போட்டு ஒயர் இழுத்தார். திரையில் மூன்று பேர்கள் வரிசையாக இருக்கும், ஹால், மாடி, தையல் ரூம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு. பொட்டு பச்சையாக இருந்தால் அந்த மெஷின் பாட்டை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாட்டைக் கேட்பதைவிட அந்த மூன்று பொட்டுகளையும் பார்த்துக்கொண்டிருப்பது சில நாட்களில் அவருக்கு அதிகமாகப் பிடித்திருந்தது. முதன்முதலாக எல்லாம் ஓடிய அன்று ஹாலிலிருந்து சமையல்கட்டைத் தாண்டிப் பின்னறைக்கும், அங்கிருந்து மாடிக்கும் செருப்பில்லாமல் நடந்து பார்த்தார், எந்த இடத்திலும் பாட்டு அறுபடவில்லை, ஒரு வாசல்படி தாண்டினால் பின்னால் இருக்கும் குரல் தணிந்து முன்னால் இருக்கும் குரல் எழுந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது. இந்திராணி கரண்டியோடு வந்து நின்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். நல்லாருக்குதா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். அந்தச் சிரிப்பை அவர் பலநாள் வைத்திருந்தார்.

சேர்ந்து பாட வேண்டுமென்றால் முதலில் பாட்டை வாங்கியவன் கடைசியில் வாங்குகிறவனுக்காகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். வந்த பாட்டை வந்ததும் பாடிவிடாமல் கொஞ்சம் கைவசம் வைத்திருந்து, எல்லோரும் தயார் என்றானபிறகு ஒன்றாக விட வேண்டும், அந்தக் காத்திருப்பைக் கூட்டினால் சரியாகும் என்று அந்த வீடியோப் பையன் சொன்னான், இங்கிலீஷில் சொன்னான், பாதி புரிந்தது. நாச்சிமுத்து காத்திருப்பைக் கூட்டினார். பாட்டு ஒரு மூச்சுப் பிடித்து நின்றது, வீடே சட்டென்று வெறிச்சோடிப்போனது, அந்த வெறிச்சு அவருக்கு ஆகாது, மில் மூடிய மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்தபோது இப்படித்தான் இருந்தது, சங்கு ஊதவில்லை, காதில் ஒன்றுமில்லை, யாரோ தலையை எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி, அன்றைக்கே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது, பாட்டோ பேச்சோ. பிறகு நாதஸ்வரம் மறுபடி எழுந்தது. மாடியும் ஹாலும் ஒரே வாயால் ஊதின.

"இப்ப சரியா இருக்குதுப்பா," என்றாள் தாரணி.

அவருக்குத் தெரியும், அவள் சொல்வதற்கு முன்னமே காது சொல்லிவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மாடி சரி, ஹால் சரி, இனித் தையல் ரூம், அது ஒயரில் இருப்பதால் பிந்தாது, முந்தினால்தான் உண்டு, முந்துகிறதா என்று பார்க்கப் பின்னறைப் பக்கமாகக் காதைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. பச்சைப் பொட்டு இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது, இங்கிருந்து பார்த்தால் தையல் மெஷினின் சக்கரமும் கட்டில்காலும் தெரிந்தன, அவ்வளவு பக்கத்தில் இருக்கும் அறையிலிருந்து ஒரு இழைச் சத்தம்கூட வரவில்லை. இந்திராணி மெதுவாக வைத்திருப்பாள். அவள் எதையும் மெதுவாகத்தான் வைப்பாள், டம்ளரை வைத்தால் சத்தம் வராது. ஆனால் என்றைக்காவது அந்த அறையிலிருந்து பாட்டு கேட்டிருக்கிறதா என்று நினைத்துப் பார்த்தபோது அவருக்கு ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. முதல்நாள் கேட்டது. அதற்கப்புறம்? தையல் மெஷின் கடகடவென்று ஓடும் சத்தம் நினைவிருக்கிறது, கத்தரிக்கோல் மேஜையில் விழுந்த சத்தம் நினைவிருக்கிறது, பாட்டு நினைவில் இல்லை, இருக்கும், அவர் ஹாலில் இதைக் கேட்டுக்கொண்டிருந்ததால் அது இதில் கரைந்திருக்கும், ஒன்றாகப் பாடினால் இரண்டு என்று எப்படித் தெரியும், அதுதானே நோக்கமே.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மனசு அந்தத் திறந்த கதவில் மாட்டிக்கொண்டது. போன வாரம் பின்னாலிருந்து கூப்பிட்டதற்கு அவள் திரும்பவில்லை, மூன்றுதரம் கூப்பிட்டார், பிறகு கோபத்தோடு பக்கத்தில் போய் நின்றதும்தான் திடுக்கிட்டுத் திரும்பி, வந்தது தெரியலீங்க என்றாள். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும், அவள் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், தாரணி மேலிருந்து கத்த வேண்டியிருக்கும். இதையெல்லாம் பார்த்துத்தான் அவருக்கு அந்தப் பயம் வந்தது, யாரிடமும் சொல்லாத பயம், இவள் அம்மாவுக்குக் கடைசியில் எல்லாம் மறந்துபோனதே, அது இவளுக்கும் வந்துவிட்டதோ என்று. அதனால்தான் சாப்பிடும்போது சும்மா கேட்கிற மாதிரி, நம்ம கல்யாணத்துக்குச் சமையலுக்கு வந்தது யாரு, தாரணி பொறந்தப்ப நம்ம எந்த வீட்டுல இருந்தோம் என்றெல்லாம் கேட்டு வைத்தார். அவள் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். சரியாகச் சொன்னது அவருக்கு நிம்மதியாக இருந்தது, அதோடு விட்டுவிட்டார், அவள் சொல்கிறபோதெல்லாம் அவர் கண்ணைப் பார்க்காமல் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் நினைவில் வந்து நின்றது. வாயைப் பார்க்கிறாள். கொஞ்ச நாளாகவே வாயைத்தான் பார்க்கிறாள். மீசையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டார் ஒருநாள்.

வாயைப் பார்ப்பது மில்லுப் பழக்கம். ஸ்பின்னிங் கொட்டகைக்குள் கால் வைத்தால் சத்தம் ஒரு சுவர் மாதிரி நெஞ்சில் வந்து மோதும், அங்கே யாரும் குரலால் பேசமாட்டார்கள், உதட்டாலும் கையாலும்தான் பேச்சு. இவர் கண்ணாடிக் கதவு போட்ட எலக்ட்ரிகல் ரூமில் இருப்பார், ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் வெளியே வருவார். ஒருநாள் மோட்டார் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண், தலை முழுக்கப் பஞ்சு, உதட்டை மட்டும் அசைத்து, ஷாக் அடிக்குமா என்று கேட்டாள். அவருக்கு அது அத்தனை சத்தத்திலும் தெளிவாகக் கேட்டது. பின்னால் ஊரறியப் பெண் கேட்டுக் கல்யாணம் பண்ணி, பிள்ளை பிறந்து, அவளும் அதே கொட்டகையில் அதே மெஷினுக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்தாள். காதில் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்து அசந்து தூங்கும்போது ஒரு பக்கக் காதில் அது அப்படியே இருக்கும், அவர் அதை மெதுவாக எடுத்துப்போட்டு, பஞ்சுப்பொதி என்று கூப்பிட்டுச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். தாரணி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏனுங்க, மேனேஜருகிட்ட ஒரு வார்த்தை சொல்லி என்னையப் பேக்கிங்குக்கு மாத்தித் தரச் சொல்றீங்களா, அங்க இந்தச் சத்தமில்ல, என்றாள். பாக்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் பார்க்கலாம்தான், ஆனால் அந்த மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டும், எனக்கு ஒரு உதவி என்று சொல்ல வேண்டும், நாச்சிமுத்து எவன் முன்னாலும் போய் நின்றதில்லை என்று மில்லில் எல்லோரும் சொல்வார்கள், அந்தப் பேச்சு காதில் விழும்போது தோள் கொஞ்சம் அகலமாகும். தீபாவளி சமயத்தில் அவள் இன்னொருதரம் கேட்டாள். ஏன், மத்தப் பொம்பளைக எல்லாம் வேல செய்யலையா என்று கேட்டுவிட்டார். கேட்ட குரல்கூட நினைவிருக்கிறது, எண்ணெய்ச்சட்டியில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது, அவள் முறுக்கைத் திருப்பிவிட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. மில் மூடுகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். ஒரு வார்த்தை. மேனேஜர் ஒன்றும் கெட்டவரல்ல, கேட்டிருந்தால் அந்த மாசமே மாற்றிக் கொடுத்திருப்பார், நம்மாளு கேட்டு நான் இல்லேன்னு சொல்லுவனா என்று சொல்லியிருப்பார், அதுதான் பயம், அப்படிச் சொல்லிவிடுவார், அப்புறம் அவருக்குக் கடன்பட்டவனாக நிற்க வேண்டும் என்பதுதான்.

பாட்டு மாறியிருந்தது. எப்போது மாறியது என்று தெரியவில்லை, அவர் கேட்கவில்லை. கண்ணெதிரே மூன்று பொட்டும் பச்சையாக நின்றன. இந்திராணி துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தாள், கொடி ஆடும் சத்தம் மேலே லேசாகக் கேட்டது. எழுந்து பின்னறைக்குப் போனார், முந்துகிறதா என்று பார்க்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு.

லேப்டாப் திறந்திருந்தது. திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கோடு வலது பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது, பாட்டின் பெயர்கூட எழுதியிருந்தது. சத்தமில்லை. சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்தினார், கூடியது, கடைசி வரைக்கும் கூடியது, சத்தமில்லை. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் எப்போதோ போய்விட்டதால் அவர் வாங்கி வைத்த சின்ன ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தது, அதன்மேல் ஊசி குத்தி வைக்கும் பஞ்சு மெத்தை ஒன்று, அதன்மேல் கொக்கி டப்பா. ஸ்பீக்கரை நகர்த்தியபோது அதற்கடியில் தூசி சதுரமாக விட்டிருந்தது. பின்னால் அதன் ஒயர் அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது. பிளக்கை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். லேப்டாப்பின் ஓட்டை அருகில் கொண்டுபோனார், சொருகவில்லை. எலக்ட்ரீஷியன் கை, பிளக்கையும் ஓட்டையையும் பார்த்தால் தானாகச் சொருகிவிடும், அது அன்று அந்தரத்தில் நின்றது. கெட்டுப்போயிருக்கும், அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது என்று நினைக்கப் பார்த்தார். கெட்டுப்போனதை யாரும் இப்படிச் சுருட்டி வைப்பதில்லை. அப்படியானால் இந்த அறை இத்தனை நாளும் ஒரு பாட்டும் கேட்கவில்லை, ஹாலில் உட்கார்ந்துகொண்டு அவர் பச்சைப் பொட்டைப் பார்த்து, இப்ப இந்திராணி இந்தச் சரணத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள், இது அவளுக்குப் பிடிக்கும் என்று எத்தனை மதியம் நினைத்தார், அவளுக்காக எத்தனை பாட்டைத் தேடி எடுத்து வரிசையில் முன்னால் போட்டார், அதெல்லாம் ஒயர்வழியாக இங்கே வந்து இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போயிருக்கிறது.

இந்திராணி தோள்மேல் துணிக்குவியலோடு உள்ளே வந்தாள். வெயிலில் காய்ந்த துணியின் சூடு அவளோடு வந்தது. அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள், பிறகு அவர் வாயைப் பார்த்தாள்.

"எப்ப இருந்து இதக் கழட்டி வெச்சிருக்கற?"

துணியைக் கட்டிலில் இறக்கினாள். "நீங்க மாட்டிக் குடுத்த மறுநாளே."

"அப்பறம் எதுக்குப் புள்ள தெனமும் இதப் போட்டு வெக்கற?"

"உங்க பெட்டியில பச்சையா வருமில்ல, அதுக்குத்தான். ஒருநா இது அமந்து கெடந்தப்ப, தையல் ரூம் என்னாச்சு தையல் ரூம் என்னாச்சுன்னு ஓடி வந்தீங்களே, மூஞ்சியே செத்துப்போச்சு உங்களுக்கு. அதுல இருந்து காத்தால எந்திரிச்சதும் அமுத்தி உட்டுருவேன்."

"பாட்டு புடிக்கலீன்னா சொல்றதுதான?"

"புடிக்காம என்னங்க. கேக்க முடியறதில்ல." ஒரு துண்டை உதறி நான்காக மடித்தாள். "காதுக்குள்ள ஒரு சத்தம் ஓடீட்டே இருக்குது. அதும்மேல பாட்டும் வந்துச்சுன்னா ரெண்டும் ஒண்ணோடொண்ணு அடிச்சுக்குது, தலைக்குள்ள யாரோ ரம்பம் போடறாப்பல ஆயிருது. வெளிப்பேச்சும் பாதி உழுகறதில்ல. நான் சொன்னனுங்களே."

"எப்பச் சொன்ன?"

"செவுத்துல தொள போட்டீங்களே, அன்னைக்கு. அதுக்கு முந்தியும் ஒருக்கா."

துளை போட்ட நாள் நினைவுக்கு வந்தது. டிரில் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது, சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்தது, அவள் கதவருகில் நின்று, காது ஒரு மாதிரியா இருக்குதுங்க என்றாள். இத முடிச்சுட்டு டாக்டர்கிட்டப் போலாம் என்றார். முடித்துவிட்டு ஒயரை இழுத்தார், இழுத்துவிட்டு இந்த லேப்டாப்பை வைத்தார், அது ஓடியது, ஓடிய சந்தோஷத்தில் வீடெல்லாம் நடந்தார். அவள் கரண்டியோடு வந்து நின்று சிரித்தது பாட்டுக்கு இல்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறாள். அவளிடம் இப்போது சொல்ல வேண்டியது ஒன்று வாய்வரை வந்தது, மேனேஜர் என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம், அதன் முதல் எழுத்துக்காக உதடு சேர்ந்தது, அவள் அந்த உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், காத்துக்கொண்டிருந்தாள். அவரால் முடியவில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன, காதுக்குள் ஓடுவது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாதா, தெரிந்துகொண்டுதான் விடிந்ததும் எழுந்து அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போயிருக்கிறாள்.

பிளக்கை மேஜைமேல் வைத்தார். தையல் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

"அந்தச் சத்தம் எப்படி இருக்கும்?"

"என்னுங்க?"

"காதுக்குள்ள ஓடுதுன்னியே. எப்படி இருக்கும்?"

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். இதை யாரும் கேட்டதில்லை என்பது அவள் புருவத்தில் தெரிந்தது. "எப்படின்னு சொல்றதுங்க. ஒரு மாதிரி நீட்டமா..." என்று கையால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள்.

"செஞ்சு காட்டு."

"அய்யே."

"நெசமாத்தான். நாங் கேக்கோணும்."

ஹாலில் பாட்டு பெருங்கூச்சலாக இருந்தது, அவருக்கே இப்போது அது அப்படித்தான் கேட்டது. இரு என்று கையைக் காட்டிவிட்டு எழுந்து போய் அதை நிறுத்தினார். நிறுத்தியதும் மாடியிலிருந்து தாரணி, "ஏம்ப்பா நிறுத்தீட்டீங்க, நல்லாத்தான வந்துது?" என்றாள். "கொஞ்ச நேரம் கண்ணு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். வீட்டில் எங்கும் ஒன்றும் ஓடவில்லை. அந்த வெறிச்சு வந்தது, காலிலிருந்து ஏறியது, ஸ்டூலில் உட்கார்ந்து அதைத் தாங்கிக்கொண்டார்.

இந்திராணி வாசலைப் பார்த்தாள், மகள் இறங்கி வருகிறாளா என்று. "சிரிக்கப்படாது," என்றாள். பிறகு உதட்டை மூடி, கண்ணைச் சுவரில் வைத்து, மூக்கின் மேல்பக்கத்திலிருந்து மெல்லியதாக ஒரு சத்தத்தை விட்டாள். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதில் சுருதி மாதிரி ஒன்று இருந்தது, ஆனால் எந்தப் பாட்டும் அதன்மேல் உட்காராது. சரியாக வரவில்லை என்று அவளே கொஞ்சம் மேலே ஏற்றினாள், தலையைச் சாய்த்து உள்ளே இருப்பதோடு ஒத்துப் பார்த்தாள், இன்னும் ஒரு மயிரிழை ஏற்றினாள், அங்கே பிடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சு தீர்ந்ததும் நிறுத்தினாள்.

"இதுதானுங்க. கிட்டத்தட்ட இதே மாதிரித்தான் உள்ள ஓடுது."

"நிக்கவே நிக்காதா?"

"நாந்தான் நிறுத்தீருக்கறேன். அது ஓடுது."

அவர் முழங்கையை முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்தார். "இன்னொருக்கா."

அவள் செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஒவ்வொரு துளியாகக் கேட்டார், அவள் மூச்சு நடுங்கிய இடத்தையும் மறுபடி பிடித்துக்கொண்ட இடத்தையும் கேட்டார், அது அறுந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார்.

"போதுமுங்க, மூச்சு வாங்குது," என்று சொல்லிவிட்டு இந்திராணி மடியிலிருந்த சட்டையின் கைகளைப் பின்பக்கமாக மடித்தாள்.